எந்த மரபணுச் சோதனைக்கு முதலிடம்?

கேள்வி: ஆம்பூர் வாசகர், 11 ஜனவரி 2025

என் மகளை என் மனைவியின் அண்ணன் மகனுக்கே கொடுப்பதாகப் பேசி முடித்திருக்கிறோம். சொந்தத்தில் செய்வதால் பெண், மாப்பிள்ளை இருவருக்கும் மரபணுச் சோதனை செய்துவிடுங்கள் என்று வீட்டுக்கு வந்து ரத்தம் எடுக்கும் தனியார் ஆய்வக ஊழியர் ஒருவர் வற்புறுத்துகிறார். இருவருக்கும் சேர்த்து அவர் சொன்ன தொகை என் மூன்று மாதச் சம்பளம். ஆயிரக்கணக்கான மரபணுக்களை ஒரே தடவையில் பார்த்துவிடுவார்களாம். எங்கள் குடும்பத்தில் பெரிய நோய் எதுவும் இல்லை. என் மகனுடைய முதல் குழந்தை மட்டும் ஒன்றரை வயதில் உடம்பு வெளுத்து, வயிறு உப்பி, ரத்தம் ஏற்றியும் தவறிவிட்டது. மருமகள் என் அக்கா மகள்தான். எவ்வளவு அதிகமாகப் பார்க்கிறோமோ அவ்வளவு நல்லதுதானே? அரசே இதை எல்லோருக்கும் இலவசமாகச் செய்தால் என்ன?

12 ஜனவரி 2025

ஐயா, இந்த மாவட்டத்து ஆய்வகங்களில் இருபத்தேழு ஆண்டுகள் வேலை செய்து ஓய்வு பெற்றவன் என்ற முறையில் எழுதுகிறேன். நான் மருத்துவன் அல்லன். குடும்பத்தில் பெரிய நோய் இல்லை என்று எழுதிவிட்டு அதற்கு அடுத்த வரியில் நீங்கள் எழுதியிருப்பதை நான் மூன்று முறை படித்தேன். அப்படி வெளுத்து, வயிறு உப்பித் தவறிய குழந்தை என்றால், இன்னொரு காரணம் உறுதியாகும் வரை உடல் போதிய ஹீமோகுளோபினை உண்டாக்க முடியாத பரம்பரை ரத்த நோயான தலசீமியாவை நினைக்காமல் இருக்க முடியாது.

அதற்கு ஆயிரம் மரபணுக்களைப் பார்க்க வேண்டியதில்லை. ஊதா மூடிக் குழாயில் எடுக்கும் இரண்டு மூன்று மில்லி ரத்தம் போதும். முதலில் முழு ரத்த எண்ணிக்கை. அதில் சிவப்பணுவின் அளவைக் குறிக்கும் எம்.சி.வி. 80க்குக் கீழும், அதிலுள்ள ஹீமோகுளோபினைக் குறிக்கும் எம்.சி.எச். 27க்குக் கீழும் இருந்தால் அடுத்தது எச்.பி.எல்.சி. என்னும் இயந்திரச் சோதனை. அது ஹீமோகுளோபினை வகை வகையாகப் பிரித்துக் காட்டும். ஏ2 என்ற வகை 3.5 விழுக்காட்டைத் தாண்டினால் பீட்டா தலசீமியாவின் கேரியர், அதாவது மரபணுவின் ஒரு பிரதியில் மட்டும் குறையைச் சுமப்பவர் என்று பொருள். உங்கள் வீட்டுக் கதை தெரிந்த பிறகு, எண்ணிக்கை சரியாக இருந்தாலும் இரண்டாவதையும் செய்துவிடுவதே முறை. இரும்புச்சத்துக் குறைவு இருந்தால் ஏ2 அளவு தாழ்ந்து கேரியரை மறைத்துவிடும் என்பதால் அதையும் கூடவே பார்க்கச் சொல்லுங்கள். கேரியராக இருப்பது நோயன்று. கணவன் மனைவி இருவரும் கேரியராக இருந்தால் மட்டுமே ஒவ்வொரு கருவுக்கும் நான்கில் ஒரு பங்கு ஆபத்து உண்டு.

சொந்தத்தில் மணம் செய்வதைப் பற்றி: மாமன் மகனைக் கட்டினாலும் தாய்மாமனையே கட்டினாலும், பிறக்கும் குழந்தைக்கு ஒரு மரபணுவின் இரண்டு பிரதிகளும் ஒரே மூதாதையிடமிருந்து வந்து சேரும் வாய்ப்பு பதினாறில் ஒன்று. மறைந்திருக்கும் குறை இப்படித்தான் வெளிப்படுகிறது. நம் மாநிலத்தில் நான்கில் ஒரு பங்குக்கும் மேலான மணங்கள் உறவுக்குள் நடக்கின்றன என்பதால் உங்கள் அச்சம் வீணானதன்று.

13 ஜனவரி 2025

இரவெல்லாம் மனம் அமைதியாக இல்லை. நேற்று நீங்கள் கேட்ட மணப்பெண்ணைப் பற்றியே எழுதினேன். கேட்காமல் விட்டவர்களை நானும் விட்டுவிட்டேன். தவறியது உங்கள் மகனுடைய குழந்தை. அது தலசீமியாவாக இருந்தால், உங்கள் மகனும் மருமகளும் இருவருமே கேரியர்கள் என்பது ஏறத்தாழ முடிவான செய்தி. உங்கள் மகளோ கேரியராக இருக்கவும் இல்லாமல் இருக்கவும் சம வாய்ப்பு உள்ளவர். மருமகள் உங்கள் அக்கா மகள் என்பதால் இந்தக் குறை உங்கள் பெற்றோர் வழியில் வந்திருக்கவே இடமுண்டு. மாப்பிள்ளைப் பையனோ உங்கள் மனைவி வழி. ஆகவே முதலில் ரத்தம் கொடுக்க வேண்டியவர்கள் மகனும் மருமகளும். மருமகளுக்கு வேறு குழந்தை உண்டா, இப்போது கருவுற்றிருக்கிறாரா என்று சொல்லுங்கள்.

15 ஜனவரி 2025

மருமகள் கருவுற்று ஏழு வாரம் என்று எழுதியிருக்கிறீர்கள். அப்படியானால் நாள் எண்ணி வேலை செய்ய வேண்டும். இன்று மாட்டுப் பொங்கல். விடுமுறை முடிந்து ஆய்வகம் திறந்ததும் முதல் ஆளாக இருவரும் போய் நிற்கட்டும்.

கருவின் நஞ்சுக்கொடித் திசுவில் சிறு துளி எடுத்துப் பார்க்கும் சோதனையைப் பொதுவாக 11 முதல் 13 வாரத்துக்குள் செய்வார்கள். ஆனால் கருவில் எதைத் தேடுவது என்று முன்னதாகத் தெரிந்திருக்க வேண்டும். தாய், தந்தை இருவரிடமும் பீட்டா குளோபின் மரபணுவில் இருக்கும் குறிப்பிட்ட மாற்றம் எது என்று கண்டறிந்த பின்னரே கருவைச் சோதிக்க முடியும். நல்ல வேளையாக, இந்தியாவில் ஐந்து மாற்றங்களே பெரும்பாலான குடும்பங்களில் காணப்படுகின்றன. ஆய்வகம் அவற்றை முதலில் தேடும், கிடைக்காவிட்டால்தான் மரபணு முழுவதையும் படிக்கும். கருவில் பாலினம் அறிவதைத் தடுக்கும் 1994ஆம் ஆண்டுச் சட்டமே, ஹீமோகுளோபின் குறைபாடுகளுக்காகக் கருவைச் சோதிப்பதற்கு, பதிவு பெற்ற மையங்களில் வெளிப்படையாக இடம் தருகிறது. ஆகவே யாரும் பயமுறுத்தினால் கேட்காதீர்கள். வேலூரிலேயே இதைச் செய்ய வழி இருக்கிறது.

26 ஜனவரி 2025

மகனுக்கு ஏ2 அளவு 5.2, மருமகளுக்கு 5.6 என்று படித்தேன். இருவருக்கும் மரபணு மாற்றத்தைக் கண்டறிய ரத்தம் கொடுத்தாயிற்று என்பதும் ஆறுதல். விடை வரும் வரை, அதிகமாகப் பார்ப்பது நல்லதா, அரசே எல்லோருக்கும் செய்யலாமா என்ற உங்கள் முதற்கேள்வியின் இரண்டாம் பகுதிக்கு வருகிறேன்.

ஒரு மரபணுச் சோதனை மருத்துவத்துக்குள் வரத் தகுதியுள்ளதா என்று பார்க்க, இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் ஆதரவில் ஒரு முறையை வகுத்தார்கள். அது நான்கு கேள்விகளைக் கேட்கிறது. ஆய்வகம் அந்த மரபணு மாற்றத்தைப் பிழையின்றிக் காண்கிறதா? கண்ட மாற்றத்துக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு எவ்வளவு உறுதியானது? விடை தெரிவதால் நோயாளிக்கு நன்மை விளைகிறதா? அறநெறி, சட்டம், சமூகம் ஆகியவற்றில் அது எதைக் கிளறிவிடும்? ஏசிசிஇ என்று அந்த ஆங்கிலச் சொற்களின் முதலெழுத்துகளால் அதை அழைப்பார்கள். பெயர் நினைவில் நிற்காவிட்டாலும் கேள்விகள் நிற்க வேண்டும்.

முதல் கேள்வியை எல்லோரும் எளிதாகத் தாண்டிப் போகிறார்கள். இயந்திரம் பெரியது, பிழை வராது என்ற நம்பிக்கை. தொழிலின் தொடக்கத்தில் நான் வேலை செய்த ஒரு சிறிய ஆய்வகத்தில் இரண்டு குழாய்கள் மாறின. ஒரே தந்தையின் இரண்டு பெண்கள். இருவருக்கும் ஒரே முன்னெழுத்து. பெயர்களும் ஓரெழுத்து வேறுபாட்டில் இருந்தன. அக்காவின் விடை தங்கைக்கும் தங்கையின் விடை அக்காவுக்கும் போயிற்று. பத்து நாள் கழித்து மறுபடி ரத்தம் எடுத்தபோதுதான் தெரிந்தது. குழாயில் ஒட்டும் சீட்டில் பிறந்த தேதியும் எழுத வேண்டும் என்று அன்று முதல் நான் யாரிடமும் விட்டுக்கொடுத்ததில்லை. நம் ஊரில் பெயருக்கு முன்னால் ஒரே ஓர் எழுத்துத்தான். குடும்பப் பெயர் கிடையாது. ஒரே குடும்பத்தார் ஒரே நாளில் வந்து ரத்தம் கொடுக்கும் மரபணுச் சோதனையில் இந்த ஆபத்து மற்றச் சோதனைகளைவிட அதிகம்.

இன்னொன்றும் உண்டு. ரத்தம் ஏற்றிய குழந்தையின் குழாயை எச்.பி.எல்.சி.க்கு அனுப்பினால், கொடையாளியின் ஹீமோகுளோபினும் கலந்தே வரும். தலசீமியா உள்ள பிள்ளை, அந்தத் தாளில் நலமுள்ள பிள்ளைபோலத் தோன்றக்கூடும். அதனால்தான் ரத்தம் ஏற்றுவதற்கு முன் ஒரு குழாய் எடுத்து வையுங்கள் என்று வார்டுக்கு ஓடி ஓடிச் சொல்வோம். உங்கள் பேரக்குழந்தைக்கு யாராவது அப்படி எடுத்து வைத்திருந்தால் இரண்டு ஆண்டுகளுக்கு முன்பே இது தெரிந்திருக்கும் என்று நினைக்கும்போது வேதனையாக இருக்கிறது.

காந்தி ரோட்டு விடுதிகளில் தங்கி, வங்கத்திலிருந்தும் அதற்கு அப்பாலிருந்தும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேலூருக்கு வருகிறவர்களை நீங்கள் பார்த்திருப்பீர்கள். இங்குள்ள கிறித்தவ மருத்துவக் கல்லூரியான சி.எம்.சி.யில் 1986 முதலே எலும்பு மஜ்ஜை மாற்றுச் சிகிச்சை நடப்பதால் வருகிறார்கள். ஹீமோகுளோபின் ஈ என்ற வகை அந்தப் பக்கம் மிகுதி. தனியே இருந்தால் தொல்லை இல்லை, பீட்டா தலசீமியாவோடு சேர்ந்தால் பல பிள்ளைகளுக்குக் கடும் நோய். அவர்களிடம் பெயரைத் தவறாமல் கேட்டு எழுதுவதற்காகவே "ஆப்னார் நாம் கி" என்று வங்க மொழியில் கேட்கக் கற்றுக்கொண்டேன்.

9 பிப்ரவரி 2025

இதய மரபணு ஒன்றில் இந்தியர்களுக்கு மட்டும் பெருங்குறை இருக்கிறதாமே, அதைச் சோதிக்க வேண்டாமா என்று ஆற்காட்டு நண்பர் கேட்டிருக்கிறார். அவர் சொல்வது எம்ஒய்பிபிசி3 என்ற மரபணுவில் 25 எழுத்துகள் விடுபட்டுப்போகும் மாற்றத்தை. 2009இல் வெளியான ஆய்வு, தெற்காசியரில் ஏறத்தாழ 4 விழுக்காட்டினரிடம் அது இருப்பதாகவும் இதயத்தசை நோயோடு அதற்குத் தொடர்பு இருப்பதாகவும் காட்டியது. நூற்றுக்கு நான்கு பேர் என்றால் வேலூர் மாநகரத்தில் மட்டும் எத்தனை ஆயிரம் பேர் என்று எண்ணிப் பாருங்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த நோயே வராமல் வாழ்ந்து முடிகிறார்கள். பின்னர் வந்த ஆய்வுகள், அதே மரபணுவில் அதனோடு சேர்ந்து வரும் இன்னொரு மாற்றமே சிலருக்கு ஆபத்தைக் கூட்டுகிறதோ என்ற ஐயத்தை எழுப்பின. இரண்டாவது கேள்வி இங்கேதான் இடறுகிறது. ஆய்வகம் மாற்றத்தைப் பிழையின்றிக் கண்டுவிடும். கண்டதற்கு என்ன பொருள் என்பதுதான் தெளிவாகவில்லை. நலமாக இருப்பவர்களை வரிசையில் நிறுத்தி இதைத் தேடுவதை என்னால் ஏற்க முடியவில்லை. குடும்பத்தில் இளவயதில் திடீர் மரணம் நிகழ்ந்திருந்தால் அது வேறு. அவர்கள் இதய மருத்துவரிடம் எக்கோ எடுப்பதிலிருந்து தொடங்க வேண்டும்.

கணக்கு ஒன்றும் சொல்ல வேண்டும். கருவுற்ற தாயின் ரத்தத்திலிருந்தே குழந்தையின் டவுன் குறைபாட்டைத் தேடும் சோதனைக்கு 99 விழுக்காடு துல்லியம் என்று விளம்பரம் செய்கிறார்கள். இளந்தாய்மார் பத்தாயிரம் பேர். ஆயிரத்தில் ஒரு கருவுக்குக் குறைபாடு என்று கொள்வோம். பத்துக் கருவையும் சோதனை பிடித்துவிடுகிறது. குறைபாடு இல்லாத கருவில் ஆயிரத்துக்கு ஒன்றைத் தவறாகக் காட்டுகிறது என்றால், அந்தக் கணக்கில் இன்னொரு பத்துப் பேர். ஆக "உண்டு" என்று தாள் வாங்கிய இருபது பேரில் பத்துப் பேரின் குழந்தைக்கு ஒன்றுமே இல்லை. சோதனை கெட்டது என்று நான் சொல்லவில்லை. அந்தத் தாளை மட்டும் வைத்துக்கொண்டு கருவைக் கலைக்க முடிவெடுப்பது பெரும்பிழை. பனிக்குட நீரை எடுத்து உறுதி செய்த பிறகே பேச வேண்டும். 99 என்ற எண்ணைப் பார்த்துக் கலங்கிய பெண்களைக் கண்ட பிறகுதான் இந்தக் கணக்கைத் தாளில் போட்டுக் காட்டும் பழக்கம் எனக்கு வந்தது.

23 பிப்ரவரி 2025

இதை எழுதலாமா என்று பல நாள் யோசித்தேன். என் தங்கை மகளின் கதை.

தங்கை கணவரின் அக்காவுக்கு 46 வயதில் மார்பகப் புற்றுநோய். அதைக் கேட்டுப் பயந்த தங்கை, என்னிடம்கூடச் சொல்லாமல், இருபத்து நான்கு வயது மகளுக்கு ஓர் ஆய்வகத்தில் புற்றுநோயோடு தொடர்புள்ள பல மரபணுக்களை ஒன்றாகப் பார்க்கும் பேனல் சோதனை செய்தாள். விடையில் பிஆர்சிஏ2 மரபணுவில் "பொருள் தெளிவற்ற மாற்றம்" என்று இருந்தது. இத்தகைய மாற்றங்களை ஐந்து வகையாகப் பிரிக்கும் பொது வழிகாட்டி 2015இல் வந்தது: நோய் தருவது, தரக்கூடியது, தெளிவற்றது, தீங்கற்றதாக இருக்கக்கூடியது, தீங்கற்றது. தெளிவற்றது என்பதை வைத்து எந்தச் சிகிச்சையும் முடிவு செய்யக் கூடாது என்பதே விதி. ஆனால் அந்தத் தாளில் மரபணுவின் பெயர் தடித்த எழுத்தில் இருந்தது. விளக்கம் பதினோராம் பக்கத்தில் பொடி எழுத்தில் இருந்தது. உட்கார வைத்து விளக்கிச் சொல்ல ஒருவரும் இல்லை. எப்படியோ மாப்பிள்ளை வீட்டாருக்குத் தெரிந்து, தட்டு மாற்றிய சம்பந்தம் நின்றுபோயிற்று.

இரண்டு ஆண்டுகளுக்குப் பிறகு, அந்த மாற்றம் "தீங்கற்றதாக இருக்கக்கூடியது" என்று திருத்தப்பட்டதாக ஒரு வரி மின்னஞ்சல் வந்தது. அந்த ஒரு வரிக்காக அவள் அழுததை நான் பார்த்தேன்.

செய்திருக்க வேண்டியது என்னவென்றால், நோய் வந்த அந்த அத்தையை முதலில் சோதித்திருக்க வேண்டும். அவர் உயிரோடு, நினைவோடு, அடுத்த தெருவில் இருந்தார். அவரிடம் நோய் தரும் மாற்றம் ஒன்று கிடைத்திருந்தால், அதை மட்டும் பெண்ணிடம் தேடியிருக்கலாம். உண்டு அல்லது இல்லை என்று நேரான விடை வந்திருக்கும். அத்தையிடம் ஒன்றும் கிடைக்கவில்லை என்றால் பெண்ணைச் சோதிக்கத் தேவையே எழுந்திராது. நோயுற்றவரிடம் தொடங்கி உறவினரிடம் போவது என்ற ஒழுங்கைத் தவறவிட்டதால் வந்த துன்பம் இது. நம் மக்களின் மரபணுத் தரவு உலகத் தொகுப்புகளில் குறைவாக இருப்பதும் நம்மவருக்குத் தெளிவற்ற விடை கூடுதலாக வருவதற்கு ஒரு காரணம். ஜீனோம் இந்தியா திட்டத்தில் 10,000 பேரின் மரபணுத்தொகுதியைப் படித்து, சென்ற மாதம்தான் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிட்டிருக்கிறார்கள். காலப்போக்கில் இந்தக் குறை தணியும் என்று நம்புகிறேன்.

அதனால் என் முடிவு இது: விடை வந்தால் செய்வதற்கு ஒன்றும் இல்லையென்றால் அந்தச் சோதனையைச் செய்யக் கூடாது.

2 மார்ச் 2025

சென்ற வாரம் எழுதிய கடைசி வரியைத் திரும்பப் பெறுகிறேன்.

குடியாத்தத்திலிருந்து ஒரு தாய் எழுதியிருந்ததை நீங்கள் எல்லோரும் படித்திருப்பீர்கள். மகனுக்கு நடை வரவில்லை, தலை நிற்கவில்லை. ஏழு ஆண்டுகள், தறி வருமானத்தில், ஊர் ஊராக. தசையில் துண்டு வெட்டி எடுத்தார்கள், தலையை மூன்று முறை ஸ்கேன் செய்தார்கள், கோயில் கோயிலாகப் போனார்கள், "உன் வயிற்றின் குற்றம்" என்று மாமியார் சொல்லக் கேட்டார். கடைசியில், மரபணுக்களில் புரதத்துக்கான பகுதிகள் எல்லாவற்றையும் ஒன்றாகப் படிக்கும் எக்ஸோம் சோதனையில் நோயின் பெயர் தெரிந்தது. அதற்கு மருந்து இல்லை. என் வரியின்படி அந்தச் சோதனை செய்திருக்கவே கூடாது. ஆனால் அந்தப் பெயர் தெரிந்த நாளில் வெட்டுவதும் ஸ்கேனும் நின்றன. தாய் தந்தை இருவரிடமிருந்தும் சமமாக வந்த குறை என்று தெரிந்ததால் பழி ஒருத்தி தலையிலிருந்து இறங்கியது. இரண்டாவது கருவை முன்கூட்டியே சோதிக்க முடிந்தது. "மருந்து இல்லை என்று தெரிந்த பிறகுதான் ஐயா நான் தூங்கினேன்" என்று அவர் எழுதியிருக்கிறார்.

அம்மா, நான் நன்மை என்பதை மாத்திரையும் அறுவைச் சிகிச்சையும் என்று மட்டும் எண்ணிவிட்டேன். தங்கை மகளின் துன்பம் என் கண்ணை மறைத்துவிட்டது. நோயின் அடையாளம் கண்முன்னே இருக்கும் பிள்ளைக்கு அகலமாகத் தேடுவதும், நலமாக இருக்கும் இளம்பெண்ணிடம் அகலமாகத் தேடுவதும் வேறு வேறு செயல்கள். ஒரே எக்ஸோம் சோதனை முதலாமவருக்கு முன்வரிசையிலும் இரண்டாமவருக்குக் கடைசியிலும் இருக்கலாம். சோதனையை மட்டும் தரம் பிரிக்க முடியாது. யாருக்கு, எப்போது, எதற்காக என்பதையும் சேர்த்தே தரம் பிரிக்க வேண்டும். இதை எனக்குத் தெளிவாக்கியவர் நீங்கள்.

16 மார்ச் 2025

மருந்துக்கு முன் செய்யும் சோதனைகளைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. எனக்கு இவற்றின் மேல் மதிப்பு அதிகம்.

வலிப்புக்கும் முகநரம்பு வலிக்கும் கொடுக்கும் கார்பமாசெபின் மாத்திரை, எச்.எல்.ஏ-பி*15:02 என்ற மரபணு வகை உள்ள சிலருக்குத் தோல் முழுவதும் தீப்பட்டதுபோல உரியும் நோயைத் தரும். உயிரும் போகலாம். தைவானில் 4,877 பேரை மருந்துக்கு முன் சோதித்து, அந்த வகை இருந்த 7.7 விழுக்காட்டினருக்கு வேறு மருந்து கொடுத்தார்கள். எவருக்கும் அந்தத் தோல்நோய் வரவில்லை என்று 2011இல் வெளியிட்டார்கள். சிங்கப்பூரில் 2013 முதல் இச்சோதனை வழக்கமாகிவிட்டது. விடை வந்த அன்றே மருத்துவர் எழுதும் சீட்டு மாறுகிறது. அந்த மரபணு வகை எந்த மக்களிடம் எவ்வளவு என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகவே தைவான் கணக்கை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது.

ஆரிய வைசியக் குடும்பங்களில் சிலருக்கு பியூடிரில்கோலினெஸ்டரேஸ் என்ற நொதி குறைவாக இருக்கும். வாழ்நாள் முழுதும் அதனால் ஒரு தொல்லையும் இல்லை. ஆனால் அறுவைச் சிகிச்சையில் மூச்சுக்குழாய் செலுத்துவதற்காகத் தசைகளைத் தளர்த்தும் சக்சினில்கோலின் ஊசி போட்டால், சில நிமிடங்களில் தீர வேண்டிய மருந்து மணிக்கணக்கில் தீராது. தானாக மூச்சு விட முடியாமல் கருவியில் இருக்க நேரும். மயக்க மருத்துவர் முன்னதாக அறிந்தால் வேறு ஊசி போடுவார், அவ்வளவுதான். அதை அறிய மரபணுச் சோதனைகூட வேண்டியதில்லை. நொதியின் அளவைப் பார்க்கும் சாதாரண ரத்தச் சோதனை உண்டு. அதற்கும் முன்னால், "உங்கள் வீட்டில் யாராவது ஆபரேஷன் முடிந்து மூச்சு திரும்ப நேரமாயிற்றா?" என்ற கேள்வி உண்டு. குடும்ப வரலாற்றைப் பொறுமையாகக் கேட்டு எழுதுவது, நம்மிடம் இருக்கும் சோதனைகளில் மிக மலிவானது. ஆம்பூர் ஐயாவின் வீட்டிலும் அதுதான் வழி காட்டியது.

17 மார்ச் 2025

வாலாஜாபேட்டைச் செவிலியர் அம்மாவுக்கு நன்றி. ஜனவரி 12 அன்று நான் எழுதியது பிழை. மாமன் மகன், அத்தை மகன் உறவில் பிறக்கும் குழந்தைக்குப் பதினாறில் ஒன்று சரி. தாய்மாமன் அக்கா மகளைக் கட்டினால் எட்டில் ஒன்று. இரு மடங்கு ஆபத்தைச் சமம் என்று எழுதியதற்கு வருந்துகிறேன். நம் பக்கம் அக்கா மகள் உரிமை இன்னும் வழக்கில் இருப்பதால் இது சிறிய பிழையன்று.

ரத்தம் எளிதில் உறையாத நோயான ஹீமோபிலியாவுக்கும் சொந்தத்தில் மணம் செய்வதுதான் காரணமா என்று அவர் கேட்டதற்கு: இல்லை. அது தாய்வழி எக்ஸ் நிறப்புரியில் வருவது. அந்நியத்தில் கட்டினாலும் வரும். அங்கேயும் சோதனைக்கு ஒரு வரிசை உண்டு. கடுமையான ஹீமோபிலியா ஏ உள்ளவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேரிடம் ஒரே வகைத் தலைகீழ் மாற்றம் இருப்பதால், ஆய்வகம் அதை முதலில் தேடுகிறது. அது இல்லை என்றால் மட்டுமே அந்த நீண்ட மரபணுவைப் படிக்கிறது. பையனிடம் கண்டதையே அவன் அக்கா தங்கையிடம் தேடுவார்கள். சி.எம்.சி.யில் ஐந்து பேருக்கு ஹீமோபிலியா ஏ நோய்க்கான மரபணுச் சிகிச்சை அளித்த செய்தி சென்ற டிசம்பரில் வெளியானதிலிருந்து, பல வீடுகளில் இந்தப் பேச்சு மறுபடி எழுந்திருக்கிறது.

30 மார்ச் 2025

"அப்படியானால் உங்கள் வரிசையைச் சொல்லுங்கள்" என்று மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். ஒரு மாவட்டத்துக்கென்று ஒரு தொகை ஒதுக்கி என் கையில் கொடுத்தால் என்ன செய்வேன் என்று எண்ணிப் பார்த்தேன்.

கருவுற்ற ஒவ்வொரு பெண்ணுக்கும் முதல் வருகையிலேயே தலசீமியாவுக்கான ரத்தம். கேரியர் என்று வந்தால் அதே வாரத்தில் கணவருக்கும். இதில் எனக்கு ஐயமே இல்லை. இந்தியாவில் மொத்தமாக நூற்றுக்கு மூன்று நான்கு பேர் கேரியர்கள், சோதனை மலிவு, நாள் கடந்தால் வழி அடைபடும். அதனோடு ஒட்டி, பிறந்த குழந்தையின் குதிகாலில் குத்தி எடுக்கும் சொட்டு ரத்தத்தில் தைராய்டு குறைவைத் தேடுவது. அது மரபணுச் சோதனை அன்று என்று சிலர் திருத்துவீர்கள். ஆனால் பணம் ஒரே பையிலிருந்து வருகிறது. பிறந்த இரண்டு வாரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பிள்ளையின் அறிவு வளர்ச்சி காக்கப்படும் என்னும்போது அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு எக்ஸோமுக்குச் செலவு செய்ய என் மனம் ஒப்பவில்லை.

ஜவ்வாது மலைப் பழங்குடியினரைப் பற்றி ஒருவர் கேட்டார். ஹீமோகுளோபினின் இன்னொரு பரம்பரைக் குறையான அரிவாள் வடிவச் சிவப்பணு நீலகிரிப் பழங்குடியினரிடம் 1952இலேயே கண்டறியப்பட்டது. 2023 ஜூலையில் தொடங்கிய தேசிய இயக்கத்தில், பழங்குடியினர் வாழும் பகுதிகளில் 40 வயது வரை உள்ள 7 கோடிப் பேரைச் சோதிப்பது என்று திட்டமிட்டார்கள். தமிழ்நாடும் அதில் உண்டு. நீலகிரியில் கண்டது ஜவ்வாது மலைக்கும் பொருந்தும் என்று ஆராயாமல் கொள்ளக் கூடாது. முதலில் ஓர் அளவான கணக்கெடுப்பு, பிறகு முடிவு. மலையிலிருந்து இறங்கி வந்து ரத்தம் கொடுத்தால் ஒரு நாள் கூலி போகும். விடை வாங்க இன்னொரு நாள். சோதனையின் விலையில் அந்த இரண்டு நாள் கூலியையும் சேர்த்துத்தான் நான் கணக்குப் போடுவேன்.

நோயுற்றவரிடம் தொடங்கும் சோதனைகள் அடுத்து வரும். பெருங்குடல் புற்றுநோய் வந்த ஒவ்வொருவருக்கும் லிஞ்ச் என்ற பரம்பரைக் குறை உண்டா என்று பார்க்கலாம் என 2009இல் மரபணுச் சோதனைகளை மதிப்பிடும் அமெரிக்கக் குழு ஒன்று பரிந்துரைத்தது. அதன் நோக்கமே, பின்னால் இருக்கும் அண்ணன் தம்பி, அக்கா தங்கைகளைக் காப்பது. குடியாத்தத்துப் பிள்ளையைப் போன்றவர்களுக்கான எக்ஸோம் சோதனையை இதற்கு மேலே வைப்பதா, கீழே வைப்பதா என்று முடிவு செய்ய என்னால் இயலவில்லை. ஒரு வாரம் மேலே வைத்தேன், மறு வாரம் கீழே வைத்தேன்.

எதற்குப் பணம் தர மாட்டேன் என்பதில் தடுமாற்றம் இல்லை. கருச்சிதைவு ஆன பெண்களுக்கெல்லாம் எழுதித்தரும், எம்டிஎச்எஃப்ஆர் என்ற மரபணுவைப் பார்க்கும் சோதனையை வேண்டாம் என்று அமெரிக்க மருத்துவ மரபியல் கல்லூரி 2013இலேயே சொல்லிவிட்டது. மக்களில் மிகப் பலரிடம் இருக்கும் மாற்றம் அது. கண்டாலும் செய்வதற்கு ஒன்றும் இல்லை. குழந்தையை இழந்த பெண்ணுக்கு இன்னொரு பழி மட்டும் சேரும். பிள்ளை ஓடுவானா பாடுவானா என்று எச்சிலில் பார்ப்பதாகச் சொல்லும் சோதனைகளுக்கும் ஒரு ரூபாய்கூட இல்லை.

இவை எல்லாவற்றுக்கும் முன்னால், விடையை உட்கார வைத்துத் தமிழில் சொல்ல ஒருவர் வேண்டும். சோதனைக்கு முன் அரை மணி, பின் அரை மணி. ஒதுக்கிய தொகையில் அவருடைய சம்பளத்தை முதலில் எடுத்து வைத்துவிட்டுத்தான் மற்றவற்றைத் தொடங்குவேன்.

6 ஏப்ரல் 2025

காப்பீடு பற்றி ராணிப்பேட்டை அன்பர் கேட்டது: மரபணு நோய் என்ற ஒரே காரணத்தால் காப்பீட்டுத் தொகையை மறுப்பது பாகுபாடு என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2018 பிப்ரவரியில் தீர்ப்பளித்தது. மறுப்பு வந்தால் எழுத்தில் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

20 ஏப்ரல் 2025

ஆம்பூர் ஐயாவின் கடிதத்தை இன்று காலை படித்தேன். மகன், மருமகள் இருவரிடமும் ஒரே மாற்றம், ஐந்தில் ஒன்று, முதல் சுற்றிலேயே கிடைத்திருக்கிறது. பன்னிரண்டாம் வாரத்தில் கருவின் திசு எடுத்தார்கள். விடை வருவதற்குள் மருமகள் சரியாகச் சாப்பிடவில்லை என்று எழுதியிருந்தீர்கள். அந்த நாட்கள் எப்படிப் போயிருக்கும் என்று எனக்குத் தெரியும். குழந்தை கேரியர், உங்களைப் போலவே. உங்களுக்கும் ஏ2 அளவு 5.1 என்று இப்போதுதான் முதன்முறையாகப் பார்த்திருக்கிறீர்கள்.

மகளும் கேரியர், மாப்பிள்ளைக்கு எச்.பி.எல்.சி. சீராக இருக்கிறது என்ற செய்தியும் நல்லதே. அவர்கள் பிள்ளைகளில் சிலர் கேரியராகப் பிறக்கலாம்; இந்த நோய் வர இடமில்லை என்று சம்பந்தி வீட்டாரிடம் தாளைக் காட்டி, ஒரு மருத்துவரை வைத்துக்கொண்டே சொல்லுங்கள். "கேரியர்" என்ற சொல்லைத் தனியே விடாதீர்கள். அது நோய் என்று அவர்கள் எடுத்துக்கொள்வார்கள். இரும்பு மாத்திரையை யாராவது மகளுக்கு ஆண்டுக்கணக்கில் எழுதிக் கொடுத்தால், இரும்பு அளவைப் பார்த்த பிறகே சாப்பிட வேண்டும். சிவப்பணு சிறிதாக இருப்பது அவருடைய இயல்பு. மூன்று மாதச் சம்பளத்தில் சொன்ன அந்தப் பெரிய சோதனை அவர்களுக்கு இப்போது தேவையில்லை என்பதே என் எண்ணம். மரபியல் மருத்துவர் வேறு காரணம் சொன்னால் அவர் சொல்வதைக் கேளுங்கள்.

உங்கள் அக்காவுக்கும், அவருடைய மற்றப் பிள்ளைகளுக்கும் இன்னும் பார்க்கவில்லை. அவர்களில் இருவர் மணமாகாதவர்கள் என்று எழுதியிருக்கிறீர்கள். வரும் வாரமே அழைத்துப் போங்கள். பிறக்கப்போகும் பேரக்குழந்தைக்கு ஓராண்டு நிறைந்ததும் எச்.பி.எல்.சி. ஒரு முறை செய்து, குழாயின் மேல் பிறந்த தேதியை எழுதினார்களா என்று நின்று பார்த்து, அந்தத் தாளைப் பிறப்புச் சான்றிதழோடு சேர்த்து வையுங்கள்.